படத்தில் பிடித்திருந்த கிட்டார்

என் கைகளை எங்கே வைப்பதென்று எனக்கு அந்த வயதில் தெரியாது. வயது இருபத்தொன்பது, திருகோணமலைத் துறைமுகக் களஞ்சியத்தில் பதிவேடு எழுதும் இலிகிதர் வேலை. கையில் ஒரு பேனை இருக்கும்வரை நானும் ஒரு மனிதன்தான். அதை வாங்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நில் என்றால் போதும், இரண்டு கையும் இரவல் வாங்கியவை போலத் தொங்கத் தொடங்கிவிடும். நான் கிட்டார் படிக்க நேர்ந்தது இந்த ஒரு குறையால்தான். இசை ஆர்வம், கலை ஆர்வம் என்றெல்லாம் என் பிள்ளைகள் ஊருக்குச் சொல்லித் திரிகிறார்கள். அதை நம்ப வேண்டாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். தரகர் வந்து முழு உருவப் படம் ஒன்று கேட்டார். அரைப் படம் சரிவராதாம், மாப்பிள்ளைக்குக் கால் நேராக இருக்கிறதா என்று பெண்வீட்டார் பார்ப்பார்களாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு கடைத்தெருவில் இருந்த ஸ்டூடியோவுக்குப் போனேன்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் படம் எடுக்க வருபவர்களுக்கென்று சில சாமான்கள் வைத்திருப்பார்கள். காதில் வைத்துக்கொள்ள ஒரு கறுப்புத் தொலைபேசி, பிளாஸ்டிக் ரோசாப்பூ, யாரும் வாசிக்காத தடித்த இங்கிலிஷ் புத்தகம் ஒன்று. பின்னால் சீலையில் தீட்டிய பனிமலை. பக்கத்திலேயே அசல் கடலும் கோணமலையும் இருக்க, ஊரெல்லாம் வரிசையாகப் போய் அந்தப் பனிமலைக்கு முன்னால் நின்று படம் எடுத்தது. நானும் நின்றேன். படம் எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார், திரும்பவும் விட்டார்.

“தம்பி, அந்தக் கையை என்ன செய்யப் போறீர்?”

“நான் ஒண்டும் செய்யேல்லையே.”

“அதுதான் சொல்லுறன். ஏதாவது செய்யும்.”

தொலைபேசியைத் தந்து பார்த்தார். செத்தவீட்டுச் செய்தி கேட்கிற முகம் வந்துவிட்டது என்று திருப்பி வாங்கிக்கொண்டார். புத்தகமும் சரிவரவில்லை. கடைசியில் மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து என் நெஞ்சோடு அணைத்து வைத்தார். “இதைப் பிடியும். சிரியாதையும். எதையோ யோசிக்கிற மாதிரி நில்லும்.” இரண்டு கைக்கும் வேலை கிடைத்ததும் என் உடம்பு முழுக்க ஆறுதலடைந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் வாழ்நாளில் நான் நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதான்.

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஆரடா இது?”

“நான்தானம்மா.”

திருப்பிப் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு” என்று தரகரிடம் கொடுத்துவிட்டார். அதோடு அந்தப் படத்தை நான் மறந்தேன்.

படம் கந்தளாய்க்குப் போனது. பெண்ணின் தகப்பனார் அங்கே சீனி ஆலையில் வேலை. குறிப்புப் பொருந்திவிட்டது, வந்து பெண்ணைப் பாருங்கள் என்று செய்தி வந்ததும் நானும் அம்மாவும் தாய்மாமனும் பஸ் ஏறினோம். ஆலை விடுதியில் சின்ன வீடு. பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது, தேத்தண்ணியோடு அவள் வந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வாய் திறந்து மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்பதென்பது அன்றைக்கு நடக்கிற காரியமல்ல. அவள் கேட்டாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் முன்னால் சாய்ந்தால்தான் கேட்கும் என்கிற அளவுக்கு மெல்லிய குரலில் கேட்டாள்.

“இப்பவும் வாசிக்கிறனீங்களோ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பார்வை போன பக்கம் பார்த்தேன். அலுமாரிக் கண்ணாடிக்குள் என் படம் செருகியிருந்தது. பனிமலை, வெள்ளைச் சட்டை, கிட்டார். வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘அது ஸ்டூடியோக்காரரின்ர கிட்டார்’ என்று மூன்று சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் அப்படியொரு எதிர்பார்ப்பு.

“ஓம்” என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா கேட்டார்: “எப்பயடா நீ இதெல்லாம் படிச்சனீ?” அம்மா எனக்காகப் பதில் சொன்னார்: “படத்தில பிடிச்சதுதானே. கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்.” இருவரும் சிரித்தார்கள். கலியாணப் பேச்சில் இப்படிச் சின்னதும் பெரியதுமாக எவ்வளவோ சொல்வது வழக்கம்தான், யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு மட்டும் அப்படி விட்டுவிட முடியவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதுதான் சிக்கல். வாழ்நாள் முழுக்கக் கூட இருக்கப்போகிறவளிடம் நான் சொன்ன முதல் சொல்லே பொய். கலியாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

களஞ்சியத்தில் பக்கத்து மேசைக்காரன் கிண்ணியாவைச் சேர்ந்தவன், என் வயதுக்காரன். அவனிடம் சொந்தமாக ஒரு கிட்டார் இருந்தது. கந்தோர் ஆட்கள் சுற்றுலா போவதென்றால் பஸ் புறப்படுமுன்னே அவனுடைய பைலாப் பாட்டுப் புறப்பட்டுவிடும். திங்கட்கிழமை காலையில் அவனிடம் விசயத்தைச் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்த பிறகு, ஒரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லிவிடச் சொன்னான்.

“கடிதம் போட்டா அவட தகப்பன்தான் முதல்ல உடைச்சு வாசிப்பார்.”

“அப்ப ஒரே ஒரு வழிதான் மச்சான். நீ சொன்ன பொய்ய உண்மையாக்கு. மூண்டு மாசம் இருக்கு.”

அடுத்த நாளே கிட்டாரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டான். களஞ்சியத்தின் பின்பக்கத்தில் கயிறு வைக்கும் அறை ஒன்று உண்டு. கப்பல் கட்டுகிற தொடைத் தடிப்புக் கயிறுகள் கூரை வரைக்கும் வளையம் வளையமாக அடுக்கியிருக்கும். உள்ளே எவ்வளவு சத்தம் போட்டாலும் கயிறு விழுங்கிவிடும், வெளியே கேட்காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணித்தியாலம் அங்கேதான் என் படிப்பு. தார் மணத்துக்கு நடுவில் ஒரு கயிற்றுச் சுருளில் அவனும் எதிர்ச் சுருளில் நானும் உட்காருவோம்.

நான் நினைத்திருந்தது, கிட்டார் என்றால் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பாட்டை எடுப்பது என்று. அவன் இல்லையென்று தலையாட்டினான். இரண்டு மூன்று விரலால் வெவ்வேறு தந்திகளை ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் எல்லாத் தந்தியையும் ஒரே வீச்சில் மீட்ட வேண்டும். அதற்குப் பெயர் கோர்ட். “சி, எஃப், ஜி, இந்த மூண்டும் கைக்கு வந்தாப் போதும். பாதிப் பாட்ட இதுக்குள்ள அடக்கலாம்” என்றான். மூன்றுதானே, மாதத்துக்கு ஒன்று என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

முதல் நாள் சி. சுட்டுவிரல் இரண்டாவது தந்தியில், நடுவிரல் நாலாவதில், மோதிரவிரல் ஐந்தாவதில். அவன் பிடித்தபோது விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. நான் பிடித்தபோது ஒன்று உட்கார மற்றது எழும்பியது. மீட்டினால் தகரத்தில் ஆணி இழுபடுகிற சத்தம்.

“விரல்ட நுனியால அமத்து மச்சான். நீ என்ன, மாங்காய் பழுத்திட்டா எண்டு பாக்கிறியா?”

நுனியால் அழுத்தினேன். தந்தி சதைக்குள் இறங்கியது. இறக்குமதிச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காத காலம் அது, கிட்டார்த் தந்தி அறுந்தால் அறுந்ததுதான். மீன்பிடிக்கிற தங்கூசி நூலை இரண்டாவது தந்தியாகக் கட்டியிருந்தான். மற்றவையெல்லாம் பழைய இரும்புத் தந்தி. ஒரு கிழமையில் என் இடக்கை விரல் மூன்றும் கன்றிப்போய், அதன்மேல் தோல் உரிந்து, பதிவேட்டின் தாளைப் புரட்டவே கூசியது. தங்கூசித் தந்தியில் கை படுகிறபோது மட்டும் ஆறுதலாக இருக்கும். அந்தத் தந்திமேல் எனக்கு அப்போது வந்த அன்பு இன்னும் போகவில்லை.

வீட்டில் அம்மா விரலைக் கண்டுவிட்டார். என்னடா என்று கேட்டார். கயிறு எண்ணுகிறோம் என்றேன். விரலால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார். எண்ணெய் பூசினால் தோல் மெத்தென்று ஆகிவிடும், காய்க்க விடு என்று அடுத்த நாள் நண்பன் என்மேல் எரிந்து விழுந்தான். அதற்குப் பிறகு நான் அம்மாவுக்குத் தெரியாமல் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

சி ஒரு வழியாக வந்தது. ஜியும் வந்தது. வராதது ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற பயணம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சியில் நன்றாக இருப்பேன். ஜி என்று அவன் சொன்னதும் மூன்று விரலும் ஆகாயத்தில் நின்று ஒன்றையொன்று பார்க்கும், எது முதலில் இறங்குவதென்று தெரியாமல். நான் விரலை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து வைக்கிற நேரத்தில் அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டுவிடுவான். மேசையில் வேலை செய்யும்போதும் வலக்கையால் எழுதிக்கொண்டு இடக்கையால் என் முழங்காலில் சி, ஜி, சி, ஜி என்று அழுத்திப் பழகினேன். பிரதம இலிகிதர் ஒருநாள் என் மேசையருகில் நின்று அதைப் பார்த்தார். “நரம்பு இழுப்பு வயசு போனாப் பிறகுதான் வாறது. இப்பவே ஒரு வைத்தியரைப் பாரும்” என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

எஃப் பற்றி நான் எழுதாமல் விடலாம், ஆனால் விட மனமில்லை. ஒரே சுட்டுவிரலைப் படுக்கப்போட்டு எல்லாத் தந்தியையும் அழுத்திக்கொண்டு, மிச்ச மூன்று விரலும் வேறு வேலை பார்க்க வேண்டும். இரண்டாம் மாத முடிவில் ஒருநாள், நூறாவது தடவையோ என்னவோ, அது செத்த சத்தம் போட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கிட்டாரைக் கயிற்றின்மேல் எறிந்தேன். அவன் அதை எடுத்துத் தடவிப் பார்த்தான்.

“உனக்குக் கோவமெண்டா உன்ட கைய அடி. என்ட சாமானில காட்டாத.”

இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போய் அவன் மேசையில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கைகள் வழக்கம்போலத் தொங்கின. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “நாலு தந்தியில மட்டும் புடிக்கிற எஃப் ஒண்டு இரிக்கி. ஏலாத ஆக்களுக்கு” என்று சொல்லி எழும்பி முன்னால் நடந்தான். அந்த ஏலாத ஆட்களின் எஃப்கூட எனக்கு மூன்று தரத்துக்கு ஒருதரம்தான் வந்தது. அவன் அதற்கும் முகம் சுளிக்கவில்லை. அவனைப் போல ஒரு பொறுமைசாலி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

கலியாணம் கந்தளாயில் நடந்தது. நண்பன் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து, பஸ் மாறி, காலையிலேயே வந்துவிட்டான். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் பெண்ணின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், மாப்பிள்ளை கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நான் நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். நண்பன் முன்னால் வந்து, தந்தி அறுந்துபோய்க் கொழும்பில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று முகம் மாறாமல் சொன்னான். அவள் எனக்குப் பக்கத்தில் இருந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பொய்க்குத் துணைப்பொய் ஒன்றும் வந்து சேர்ந்துவிட்டது. நண்பன் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, கிட்டாரை ஏற்கனவே என் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டதாகச் சொன்னான். “வாசிச்சுக் காட்டு. இல்லாட்டிச் சொல்லிப் போடு. ரெண்டில ஒண்டு.”

திருகோணமலை லிங்கநகரில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். கலியாணமாகி ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விருந்து, வரவேற்பு எல்லாம் ஓய்ந்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வீட்டில் இருந்த முதல் மத்தியானம் அதுதான். அவள் அதுவரை கிட்டாரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஆனால் மூலையில் இருந்த அதன் தூசியைத் துடைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் இனித் தள்ளிப்போட ஏலாது என்று தெரிந்தது.

கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்டாரை எடுத்தேன். அவள் வந்து எதிரில் நிலத்தில் உட்கார்ந்தாள். சி பிடித்தேன், மீட்டினேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டாவது தடவை மீட்டினேன். பிறகு ஜிக்குப் போனேன். விரல்கள் ஆகாயத்தில் நின்றன. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாக இறக்கி வைத்து ஜியை மீட்டினேன். திரும்பவும் சி-க்கு வர வேண்டும். வர முடியவில்லை. விரல் பலவீனத்தால் அல்ல, அவள் முகத்தில் இருந்த அந்தக் கவனத்தைத் தாங்க முடியாமல்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது” என்றேன்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. ஸ்டூடியோ, தொலைபேசி, பனிமலை, கயிற்று அறை, எஃப், கலியாணவீட்டில் சொன்ன அறுந்த தந்தி என்று முழுவதையும் கொட்டினேன். “அண்டைக்கு ஓம் எண்டது பொய். உமக்கு நான் சொன்ன முதல் பேச்சே பொய்” என்று முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் தலையைக் குனிந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். கந்தளாய் பஸ் எத்தனை மணிக்கு என்று என் மூளை தன்பாட்டில் யோசிக்கத் தொடங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்தபோது கண்ணில் கோபம் இல்லை, ஒருவிதப் பயம்தான் இருந்தது.

“அப்ப, வீட்டில பாடினா நீங்கள் ஏசுவீங்களோ?”

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அவள் அதே மெல்லிய குரலில் சொன்னாள். தகப்பனாருக்கு ஆலையில் இராவேலை, வருசக்கணக்காக. பகல் முழுக்கப் படுப்பார். இரண்டு அறை வீட்டில் சட்டி விழுந்தாலும் குற்றம், கதைத்தாலும் குற்றம், பாட்டென்றால் கேட்கவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பாட்டுக்கு அவள்தான் முதல். வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க ஏலாது. கிணற்றடியிலும் ஏலாது, அவர் படுக்கும் அறையின் யன்னல் அந்தப் பக்கம்.

“அப்பாவில பிழையில்லை, அவருக்கும் நித்திரை வேணும்தானே” என்றாள். “உங்கட படத்தைப் பாத்திட்டு, இவரின்ர வீட்டில சத்தம் இருக்கும் எண்டு நினைச்சன். அதுதான் அண்டைக்குக் கேட்டனான்.”

மூன்று மாதம் தோல் உரித்து நான் படித்தது அவள் கேட்காத ஒன்றுக்கான விடை. எனக்குச் சிரிப்பு வந்தது. “நான் ஏன் ஏசப்போறன்? நீர் பாடும்” என்றேன்.

அவள் எழும்பினாள். போய் முதலில் தெருக்கதவைச் சாத்தினாள். பிறகு யன்னல் இரண்டையும் இழுத்து மூடிக் கொக்கி போட்டாள். எதையும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, கை தன்பாட்டில் செய்தது. வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குப் படித்த பாட்டொன்றைத் தொடங்கினாள். பக்கத்தில் இருக்கிற எனக்கு மட்டும் கேட்கிற குரல். ஆனால் அந்தக் குரலுக்குள் என்ன இருக்கிறதென்று இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. நான் அவசரமாகக் கிட்டாரை எடுத்துச் சியை மீட்டிப் பார்த்தேன். பொருந்தவில்லை. ஜியும் பொருந்தவில்லை. எஃபைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் பாட்டை நிறுத்தினாள்.

“குறை நினைக்காதையுங்கோ. அதைக் கொஞ்சம் வையுங்கோ. சும்மா இருந்து கேளுங்கோ.”

கிட்டாரைக் கீழே வைத்தேன். எழும்பிப் போய், அவள் போட்ட கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு யன்னலையும் அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் திறந்த யன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடினாள், இந்த முறை தெருவுக்குக் கேட்க.